பஞ்சநாதனுக்குச் சீனி தரக் கூடாது

எங்கள் கிளிஞ்சல்மேட்டில் ஒரே ஒரு வியாதி வைத்திருப்பவரை யாரும் நோயாளியாகவே மதிப்பதில்லை. சுகர் மட்டும்தான் என்று சொன்னால், அது யாருக்கு இல்லை என்று பேச்சை மாற்றிவிடுவார்கள். சுகரோடு பிரஷரும் சேர்ந்தால் கொஞ்சம் காது கொடுப்பார்கள். மூன்றாவது ஒன்று வந்தால்தான் எழுந்து நாற்காலி தருவார்கள். எனக்குப் பிரஷர், தைராய்டு, காலில் நரம்புச் சுருள் என்று மூன்று இருப்பதால் நாற்காலிக்குத் தகுதி உண்டு. ஆனால் மீன் ஏலம் நடக்கும் கொட்டகைக்குப் பக்கத்தில் டீக்கடை வைத்திருக்கும் இந்தத் தையல்நாயகி, நான், உட்கார்ந்துவிட்டால் பிழைப்பு நடக்குமா? அதனால் நடந்ததையெல்லாம் நின்றுகொண்டேதான் பார்த்தேன்.

ஏலம் விடுகிற பஞ்சநாதன் அண்ணனுக்கு ஐந்து. சுகர், பிரஷர், யூரிக் ஆசிட், சிறுநீரகத்தில் கல், இரண்டு கண்ணிலும் புரை. கண்ணை விட்டுவிட்டால் மீதி நாலுக்கும் நாலு டாக்டர்கள். எதையெல்லாம் தின்னக் கூடாது என்று ஆளுக்கொரு சீட்டு எழுதிக் கொடுத்திருந்தார்கள். சுகர் டாக்டர் சோற்றைக் குறைத்துப் பருப்பும் பயறும் சாப்பிடச் சொன்னார். யூரிக் ஆசிட் டாக்டர் பருப்பையும் பயறையும் தொடாதே என்றார்; கூடவே மத்தி, நெத்திலி, இறால் எல்லாவற்றையும் அடித்துவிட்டார். கல்லுக்குப் பார்த்தவர் கீரையையும் தக்காளியையும் நிறுத்தி, நாளைக்கு நாலு லிட்டர் தண்ணீர் குடி என்றார். பிரஷருக்குப் பார்த்தவர் கால் வீக்கத்தை அமுக்கிப் பார்த்துவிட்டுத் தண்ணீரைக் குறை, உப்பைக் குறை, கருவாட்டை மறந்துவிடு என்றார்.

அண்ணனின் மனைவி வடிவாம்பாள் அண்ணி கெட்டிக்காரி. நாலு சீட்டையும் தரையில் வரிசையாகப் பரப்பி வைத்து, காய்கறியிலிருந்து கடல்மீன் வரைக்கும் ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வந்தார். கடைசியில் நாலு பேரும் தடுக்காமல் மிஞ்சியது புடலங்காய். அன்றிலிருந்து அந்த வீட்டில் புடலங்காய்க் கூட்டு, புடலங்காய்ப் பொரியல், ஞாயிற்றுக்கிழமை என்றால் புடலங்காய்க் குழம்பு.

அண்ணிக்கும் சுகர், தைராய்டு, இரண்டு முட்டியிலும் தேய்மானம் உண்டு. ஆனால் அவருடைய கட்டுப்பாடே வேறு. மூன்று வருடமாக இனிப்பை நாக்கில் வைத்ததில்லை என்பதுதான் எந்த வீட்டுக்குப் போனாலும் அவர் சொல்லும் முதல் வார்த்தை. கல்யாணப் பந்தியில் கேசரி வாளி நாலு இலை தள்ளி வரும்போதே கையை விரித்துத் தன் இலையை மூடிக்கொள்வார். செவ்வாய்க்கிழமை தவறாமல் பஸ் ஏறிக் கோட்டுச்சேரிக்குப் போய், அங்கே ஒரு வைத்தியரிடம் முட்டிக்கு எண்ணெய்க் கட்டுப் போட்டுக்கொண்டு வருவார். பார்த்துக் கற்றுக்கொள் என்று என் வீட்டுக்காரரே என்னிடம் சொல்லியிருக்கிறார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் கொட்டகையில் வியாபாரிகள் ஏலத்தை வாயால் கேட்பதில்லை. ஒருவர் காதைத் தொடுவார், ஒருவர் விரலை மடக்குவார், ஒருவர் புருவத்தைத் தூக்குவார். ஏலம் விடுகிறவர் அத்தனையையும் கண்ணாலேயே வாங்கிக்கொள்ள வேண்டும். புரை விழுந்த பிறகு அண்ணன் கையில், ஈ ஓட்டியவருக்கெல்லாம் கூடை கூடையாக மீன் போக ஆரம்பித்தது. டீ கொடுக்கக் கையை நீட்டிய பாவத்துக்கு ஒருநாள் என் தலையிலும் இருபது கிலோ கானாங்கெளுத்தி விழுந்தது. ஊர் சிரித்தது. நாலு நாள் என் வீட்டில் அதே குழம்பு.

சிரித்துவிட்டுப் பஞ்சாயத்தார் கூடினார்கள். ஆவணி பிறப்பதற்குள் கண்ணை ஆபரேஷன் செய்துகொள்ள வேண்டும், இல்லாவிட்டால் ஏலத்தை வேறு ஆளிடம் கொடுத்துவிடுவோம் என்று சொல்லிவிட்டார்கள். கண் டாக்டரோ சுகர் இருநூறுக்கு இறங்கினால்தான் கண்ணில் கை வைப்பேன் என்றார். அண்ணனுக்கு அப்போது முந்நூற்று நாற்பது. முப்பத்தைந்து வருடம் கடலோசைக்கு மேலே குரல் கொடுத்த மனிதர். ஏலம் போய்விட்டால் இந்தக் குரலை வீட்டுக்குள் வைத்துக்கொண்டு என்ன செய்வது, புடலங்காயை யாரிடம் ஏலம் விடுவது என்று என் கடையில் உட்கார்ந்து ஒருநாள் கேட்டார். சிரித்துக்கொண்டேதான் கேட்டார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

அவ்வளவு கவலை இருந்தும் நாக்கு கேட்க வேண்டுமே. வீட்டில் புடலங்காயைத் தின்றுவிட்டு என் கடைக்கு வந்து மூன்று கரண்டிச் சீனி போட்ட டீ குடிப்பார். பக்கத்து வீட்டில் கருவாடு, எதிர் வீட்டில் ஊறுகாய், கோயிலில் பொங்கல். அண்ணி ஊரெல்லாம் சண்டை போட்டுப் பார்த்தார். கடைசியில் பஞ்சாயத்தில் பிராது கொடுத்தார். வலைத் தகராறும் படகுத் தகராறும் தீர்த்துவைத்த பஞ்சாயத்துக்கு ஒரு மனிதனின் நாக்கின் மேல் பிராது வந்தது அதுதான் முதல் தடவை.

பஞ்சாயத்துத் தலைவர் சிங்காரவேலுக்கு நாலு வியாதி. நாலு வைத்திருப்பவருக்கு ஐந்து வைத்திருப்பவர் மேல் உள்ளுக்குள் கொஞ்சம் பொறாமை இருக்கத்தான் செய்யும். அன்று சாயங்காலமே கோயில் மைக்கைப் பிடித்து அறிவித்துவிட்டார். ஏலக்காரர் பஞ்சநாதன் அவர்களுக்குக் கண் ஆபரேஷன் முடியும் வரையில் ஊரில் யாரும் சீனி, வெல்லம், மிட்டாய், கருவாடு, ஊறுகாய், அப்பளம் ஆகியவற்றை விலைக்கோ இனாமாகவோ கைமாற்றாகவோ கொடுக்கக் கூடாது. மீறினால் சம்பந்தப்பட்டவர் ஒரு மாதம் மாரியம்மன் கோயில் வாசலைப் பெருக்க வேண்டும்.

கோயில் வாசல் சின்ன இடமில்லை. தேர் நிற்கிற இடம். அதை ஒரு மாதம் குனிந்து பெருக்க என் கால் நரம்பு சம்மதிக்காது. மறுநாள் அண்ணனுக்குச் சீனி இல்லாத டீயைக் கொடுத்துவிட்டு, சீனி டப்பாவை முந்தானையால் மூடிக்கொண்டேன்.

அண்ணன் லேசுப்பட்டவரா? இரண்டே நாளில் ஒரு வழி கண்டுபிடித்தார். கடை வாசலில் நின்று நெற்றியைப் பிடித்துக்கொண்டு, கண்ணை இருட்டுகிறது, சுகர் இறங்கிவிட்டது போலிருக்கிறது என்றார். பிறகு தோளில் கிடந்த துண்டை எடுத்து உதறினார். அதை மணலில் சுருக்கமில்லாமல் விரித்தார். அதற்கப்புறம்தான் மயங்கி விழுந்தார். விழுந்தவர் ஒரு கண்ணைத் திறந்து சீனி டப்பா வருகிறதா என்று பார்த்தார். வந்தது டப்பா இல்லை, துணை சுகாதார நிலையத்து நர்ஸ் தாமரைச்செல்வி. விரலில் குத்திப் பார்த்தால் இருநூற்று எண்பது. அடுத்த வாரமும் அதே துண்டு, அதே மயக்கம், இருநூற்று அறுபது.

இரண்டாவது தடவை தாமரைச்செல்வி எங்கள் எல்லோரையும் நிற்க வைத்துச் சொன்னாள். இவர் நடிக்கிறார், சரி. ஆனால் மாத்திரை போடுகிறவருக்கு நிஜமாகவே ஒருநாள் சுகர் இறங்கலாம், அப்போது யாரையும் கேட்காமல் உடனே சீனி கொடுக்க வேண்டும், நேரம் போனால் உயிர் போகும் என்றாள். நாங்களும் தலையை ஆட்டினோம். புலி வருது கதையைக் கேட்டு வளர்ந்தவர்கள் இல்லையா, தலையை ஆட்ட நன்றாகத் தெரியும்.

தடை வேலை செய்தது. மூன்றாவது வாரம் இருநூற்றுப் பத்து. அந்த வெள்ளிக்கிழமை ஏலம் முடிந்து பதினோரு மணிக்கு ரத்தம் கொடுக்கப் போக வேண்டும். இன்னும் பத்து இறங்கினால் ஆபரேஷன் தேதி கிடைத்துவிடும். அந்தப் பத்துக்காக அண்ணன் ஒரு காரியம் செய்தார் என்று பிறகுதான் தெரிந்தது. முதல் நாள் மத்தியானத்திலிருந்து பச்சைத் தண்ணீர் தவிர ஒன்றும் தொடவில்லை. புடலங்காயைக்கூட அண்ணிக்குத் தெரியாமல் கோழிக்குப் போட்டுவிட்டார். விடிந்ததும் காலை மாத்திரையோடு, எதற்கும் இருக்கட்டும் என்று ராத்திரி மாத்திரையையும் சேர்த்து விழுங்கிவிட்டார். எப்படியும் போட வேண்டியதுதானே என்பது அவர் கணக்கு.

முதல் இரண்டு கூடை ஒழுங்காகப் போயிற்று. மூன்றாவதில் சட்டை முழுக்க வியர்வை. நாலாவதாக என் டீக் கெட்டிலைக் காட்டி, இது ஒன்றரைக் கிலோ தேறும் என்றார். வியாபாரிகள் சிரித்தார்கள். சிரிப்பு அடங்குமுன் அண்ணன் திரும்பி, பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்த தலைவர் சிங்காரவேலைக் கை நீட்டிக் காட்டினார்.

"அடுத்தது ஒரு திருக்கை. பழைய சரக்குதான், பொய் சொல்ல மாட்டேன். கண்ணு உள்ள போயிருக்கு, செவுளு வெளுத்திருக்கு. இருந்தாலும் எடை நிக்கும். யாரு கேக்குறீங்க?"

கொட்டகையே வயிற்றைப் பிடித்துக்கொண்டது. காரைக்காலில் மீன் வியாபாரம் செய்யும் ஜெய்னுலாபுதீன் மரைக்காயர், விளையாட்டுக்காகக் காதைத் தொட்டார். அண்ணன் அதையும் பார்க்கவில்லை. ஒரு தரம் என்றார், ரெண்டு தரம் என்றார், அப்படியே சரிந்து ஈரத் தரையில் மீனுக்கு நடுவே விழுந்தார்.

எல்லோரும் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். நான் பார்த்தது ஒன்றைத்தான். துண்டு தோளிலேயே இருந்தது. சீனி டப்பாவையும் கரண்டியையும் எடுத்துக்கொண்டு ஓடினேன்.

"நில்லு தையலு" என்றார் தலைவர். அவருக்குத் திருக்கை இன்னும் ஆறவில்லை. "மூணாவது தடவையும் ஏமாறணுமா? கட்டுப்பாடு போட்டது பஞ்சாயத்து. எடுக்கணும்னா பஞ்சாயத்து கூடித்தான் எடுக்கணும்."

பஞ்சாயத்து என்பது தலைவரையும் சேர்த்து ஐந்து பேர். ஒருவர் காலில் புண்ணுக்குக் கட்டு மாற்ற டவுனுக்குப் போயிருந்தார். ஒருவர் நீர் மாத்திரை போட்டுவிட்டுக் கக்கூசில் இருந்தார். கூப்பிட்டதற்கு வருகிறேன் என்று குரல் மட்டும் வந்தது. ஒருவருக்கு முட்டி வலி, இரண்டு பேர் தூக்கிவிடாமல் நாற்காலியை விட்டு எழ முடியாது. நாலாமவருக்குக் காது கேட்காது. அவர் இன்னும் ஏலம் நடப்பதாக நினைத்துக்கொண்டிருந்தார். நான் கையில் கரண்டிச் சீனியோடு நின்றேன். அரை நிமிடம் இருக்கும். கோயில் வாசல் எவ்வளவு பெரியது என்று அந்த அரை நிமிடமும் என் புத்தி அளந்துகொண்டிருந்தது. அதற்காக நான் இன்றைக்கும் வெட்கப்படுகிறேன்.

மரைக்காயர் எங்கள் ஊர்க்காரர் இல்லை, கட்டுப்பாடு அவரைச் சேராது. யா அல்லாஹ், மனுசர் சாகக் கிடக்கிறார், நீங்கள் கூட்டம் போடுகிறீர்களா என்று திட்டிக்கொண்டே பையைத் துழாவினார். துபாயிலிருந்து அவர் மகன் ஆபித் அனுப்பிய பிஸ்கட் வந்தது, சீனி இல்லாதது. சாக்லேட் வந்தது, அதுவும் சீனி இல்லாதது. டீயில் போடும் மாத்திரைகூட வந்தது. அவருக்கும் மூன்று வியாதி. அந்தப் பை முழுவதிலும் ஒரு மனிதனைக் காப்பாற்றும் அளவுக்குக்கூட இனிப்பு கிடையாது.

அப்போதுதான் கூடையோடு ஓரமாக நின்றிருந்த வடிவாம்பாள் அண்ணி வந்தார். முட்டித் தேய்மானம் உள்ளவர் அப்படி ஓடி நான் பார்த்ததில்லை. தொப்பென்று தரையில் உட்கார்ந்து அண்ணன் தலையை மடியில் தூக்கி வைத்துக்கொண்டார். இடுப்பிலிருந்து சுருக்குப்பையை உருவி, வெற்றிலைக்கு அடியில் கையை விட்டு ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்தார். உள்ளே மூன்று தேன்மிட்டாய். ஒன்றைப் பிதுக்கி அதன் பாகை அண்ணனின் கன்னத்துக்குள் தடவினார்.

"யோவ், முழுங்குய்யா. உனக்குப் புடலங்காயே வேணாம்யா. முழுங்கு" என்றார். முப்பது வருடக் குடித்தனத்தில் அவர் புருஷனை 'ங்க' போடாமல் அழைத்ததை அன்றுதான் கேட்டேன்.

இரண்டாவது மிட்டாய்க்கு உதடு அசைந்தது. மூன்றாவதை அண்ணனே மென்றார். தாமரைச்செல்வி ஓடி வந்து குத்திப் பார்த்தபோது, மூன்று மிட்டாய்க்குப் பிறகும் அறுபதுதான் இருந்தது. என் கையிலிருந்த சீனியைப் பிடுங்கித் தண்ணீரில் கரைத்துக் குடிக்க வைத்தாள். பிறகு எங்களைத் திட்டினாள். பஞ்சாயத்து, கட்டுப்பாடு, நான், என் கரண்டி, ஒன்றையும் விடவில்லை. தலைவர் உட்பட எல்லோரும் தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டோம்.

ஆனால் தலைவர் தலைவர்தான். அண்ணன் எழுந்து உட்காரக் காத்திருந்தவர் போல, அந்த மிட்டாய் எங்கிருந்து வந்தது என்று கேட்டார். பொட்டலக் காகிதம் தரையில் கிடந்தது. கோட்டுச்சேரி பஸ் நிறுத்தத்துக்கு எதிரே இருக்கும் மிட்டாய்க்கடையின் பெயர் அதில் பெரிய எழுத்தில் அச்சடித்திருந்தது. பத்து மிட்டாய் பிடிக்கும் பொட்டலம். அன்று வெள்ளிக்கிழமை. செவ்வாய்க்கிழமையிலிருந்து நான் விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். எண்ணெய்க் கட்டின் ரகசியம் விளங்கிவிட்டது. வேலியே பயிரை மேய்ந்திருக்கிறது.

எனக்குச் சந்தோஷம் பொங்கியிருக்க வேண்டும். மூன்று வருடமாக அந்த அம்மாள் என் கடை வாசலில் நின்று எனக்குச் செய்த உபதேசம் கொஞ்சமா? ஆனால் அண்ணியின் முகத்தைப் பார்த்தேன். மடியில் சிந்திய பாகை முந்தானையால் தேய்த்துத் தேய்த்துத் துடைத்துக்கொண்டிருந்தார். எனக்குப் பாவமாக இருந்தது.

"அது என்னுது தலைவரே" என்றார் அண்ணன். குரல் கம்மியிருந்தது. "நான்தான் அவளுக்குத் தெரியாம அதுல ஒளிச்சு வச்சேன்."

"உன் பொஞ்சாதி சுருக்குப்பையிலயா?"

"அங்க யாரும் தேட மாட்டாங்கள்ல."

கொட்டகையில் ஒருவரும் நம்பவில்லை. தலைவரும் நம்பவில்லை. ஆனால் ஒருவன் தானே குற்றத்தை ஒப்புக்கொண்ட பிறகு பஞ்சாயத்து மேற்கொண்டு கிளறுவதில்லை, அது எங்கள் ஊர் வழக்கம். பஞ்சநாதன் ஒரு மாதம் கோயில் வாசலைப் பெருக்க வேண்டும் என்று தீர்ப்பானது. அண்ணி அண்ணனையே பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணன் மிட்டாய்க் காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, மீதிக் கூடைகளை ஏலம் விட எழுந்தார். நாங்கள்தான் பிடித்து உட்கார வைத்தோம்.

அப்புறம் நடந்ததுதான் வேடிக்கை. நாலு டாக்டர்களால் ஆகாதது ஒரு துடைப்பத்தால் ஆயிற்று. தினமும் காலையில் தேரடி முழுவதையும் குனிந்து நிமிர்ந்து பெருக்கியதில் அண்ணனின் கால் வீக்கம் வடிந்தது, தொந்தி இறங்கியது. மாத்திரையையும் டாக்டர் அளவு பார்த்து மாற்றிக் கொடுத்தார். பருப்பில் கொஞ்சம், மீனில் கொஞ்சம் என்று தாமரைச்செல்வி நாலு சீட்டையும் ஒரே சீட்டாக எழுத வைத்துக் கொண்டுவந்தாள். சுகர் நூற்று எழுபது. ஆடிக் கடைசியில் ஒரு கண்ணுக்கு ஆபரேஷன் ஆகி, இன்னொரு கண்ணுக்குத் தேதியும் கிடைத்தது. ஏலம் அண்ணனிடமே நின்றது.

கண்ணின் கட்டை அவிழ்த்த மறுநாள் கறுப்புக் கண்ணாடியோடு கடைக்கு வந்தார். உலகம் எப்படி இருக்கிறது என்று கேட்டேன். தன் வீட்டுச் சுவரில் முதன்முதலாகப் பார்த்தது எறும்பு என்றார். தரையிலிருந்து ஒரு வரிசை கிளம்பி, சுவரேறி, ஆணியில் மாட்டியிருந்த சுருக்குப்பைக்குள் போய்க்கொண்டிருந்ததாம். எத்தனை நாளாகப் போகிறதோ, அவருக்குத்தான் கண் தெரியவில்லை.

டீயைக் குடித்துவிட்டு நேராகத் தலைவர் வீட்டுக்கு நடந்தார். கணக்கைத் தீர்க்கப் போகிறார் என்று நினைத்து, நானும் அடுப்பை அணைத்துவிட்டுப் பின்னாலேயே போனேன். வடிவாம்பாளுக்கு ஊரில் யாரும் இனிப்பு தரக் கூடாது என்று கட்டுப்பாடு போட வேண்டும் என்றார் அண்ணன். தலைவர் ஆசையாக மைக்கை எடுக்கச் சாவியைத் தேடினார்.

"ஒரு வரி சேத்துக்குங்க" என்றார் அண்ணன். "மயங்கி விழுந்தா யாரும் யாரையும் கேக்க வேணாம். முதல்ல வாயில போடணும். அப்புறம் கூட்டம் போட்டுக்கலாம்."

"அந்த நேரத்துக்கு மிட்டாய்க்கு எங்க போறது?"

"மூணு மிட்டாய் என் சட்டைப் பையில எப்பவும் இருக்கும். அவளுக்காக."

சாயங்காலம் மைக்கில் அந்த வரியும் வந்தது. அண்ணி நாலு நாள் என்னோடு பேசவில்லை, நான்தான் கோள் சொன்னேன் என்று நினைத்துக்கொண்டு. அண்ணனோடும் பேசவில்லை. ஆனால் தினமும் ராத்திரி சட்டையைத் துவைக்கப் போடும் சாக்கில் பையை எண்ணிப் பார்ப்பார் என்று அண்ணன் சொன்னார். காலையில் மூன்று, ராத்திரியிலும் மூன்று.

போன புதன்கிழமை இரண்டுதான் இருந்ததாம். அன்று ஊரில் யாரும் மயங்கி விழவில்லை. எடுத்தது யார் என்று அண்ணன் கேட்கவில்லை, அண்ணி சொல்லவுமில்லை. பஞ்சாயத்துக்கும் போகவில்லை.

மறுநாள் காலையில் நான் பால் வாங்கக் கோயில் பக்கமாகப் போனேன். அண்ணனுக்குத் தண்டனைக் காலம் எப்போதோ முடிந்துவிட்டது. ஆனாலும் வாசலின் அந்தக் கோடியிலிருந்து அவர் பெருக்கிக்கொண்டு வந்தார், இந்தக் கோடியிலிருந்து முட்டியைப் பிடித்துக்கொண்டு அண்ணி பெருக்கிக்கொண்டு வந்தார்.